வெட்கப் பிரிவு, மூன்றாம் மாடி

நகர மைய நூலகத்தின் மூன்றாம் மாடியில் வெட்கத்துக்கென்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். தனிமனித வெட்கம், குடும்ப வெட்கம், சமூக வெட்கம், இதர வெட்கம் என்று நான்கு அலமாரிகள். எல்லாம் கண்ணாடிக் கதவு போட்டவை, பூட்டியவை. பிரிவு தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. இதுவரை ஒரு புத்தகம்கூட வெளியே போனதில்லை. அதனால் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை, கிழிந்ததில்லை, ஓரம் மடங்கியதில்லை. சிறந்த பராமரிப்புக்கான கேடயத்தை இந்தப் பிரிவு தொடர்ந்து எட்டு வருடமாக வாங்கிவருகிறது.

இந்த விவரம் எதுவும் தெரியாமல்தான் குழாய்க்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே போய்ச் சேர்ந்தார்.

குழாய் பொருத்துவதைவிட அடைப்பு எடுப்பதில்தான் அவருக்குப் பெயர். முப்பது வருடத்தில் ஊரில் பாதி வீடுகளின் கழிவுக் குழாய்க்குள் தோள்வரை கையை விட்டிருக்கிறார். எந்த வீட்டில் என்ன அடைத்துக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியும். வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை. "சரியாயிடுச்சுங்க, தண்ணி விட்டுப் பாருங்க" என்பதோடு கிளம்பிவிடுவார்.

அவருக்கு ஒரே மகள், இருபது வயது. செவிலியர் பயிற்சியில் முதல் மாணவி. பயிற்சி முடித்தவர்கள் உறுதிமொழி எடுக்கும் விழாவில் மேடையேறி வாசிக்க அவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் மூன்று மணி நேரம் தாமதம். வரிசையில் நின்றவர்கள் அசையக் கூடாது என்று உத்தரவு. அவள் கண்காணிப்பாளரிடம் ஒரு முறை மெதுவாகக் கேட்டாள். "இன்னும் அஞ்சு நிமிஷம், அடக்கிக்கோ" என்று பதில் வந்தது. அந்த ஐந்து நிமிடம் ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. உறுதிமொழியின் நான்காவது வரியில், ஒலிபெருக்கிக்கு முன்னால், அவளுடைய வெள்ளைச் சீருடை நனைந்தது. மொத்தம் பதினான்கு விநாடி. யாரோ கைபேசியில் எடுத்தார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து அறைக்கதவைத் தாழ்போட்டவள் வெளியே வரவில்லை. அம்மா சமையலறைக்குள் போகும் நேரம் பார்த்துக் குளியலறைக்குப் போய்வருவாள். தட்டு முக்கால்வாசி அப்படியே திரும்பி வரும். பேச்சு அடியோடு நின்றுவிட்டது. அம்மா, தைத்துத் தரச் சொல்லி ஊரார் கொடுத்திருந்த துணிகளை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டுக் கதவோரமே கதியென்று கிடந்தாள்.

"பேச வேணாம்மா. இருமவாவது இருமு. உள்ள இருக்கேன்னு தெரியட்டும்" என்று ஒரு நாள் கெஞ்சினாள். உள்ளிருந்து அதுகூட வரவில்லை.

நாற்பதாவது நாள் குழாய்க்காரர் ஒரு மருத்துவரிடம் போனார். மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உலகத்துல தனக்கு மட்டும்தான் இப்படி ஆச்சுன்னு நினைச்சிட்டிருக்கா. வெட்கத்தைப் பத்தி எவ்வளவோ பேர் எழுதியிருக்காங்க. மைய நூலகத்துல அலமாரி அலமாரியா இருக்கு. ஒண்ணு எடுத்துட்டுப் போய் கதவுக்கு அடியில தள்ளுங்க" என்றார். மருந்துச் சீட்டிலேயே எழுதியும் கொடுத்தார்: 'வெட்கம் பற்றிய புத்தகம். தினம் பத்து பக்கம். சாப்பாட்டுக்குப் பின்.'

அந்தச் சீட்டோடுதான் குழாய்க்காரர் மூன்று மாடி ஏறினார். மற்ற மாடிகளில் 'அமைதி காக்கவும்' என்று பலகை இருந்தது. மூன்றாம் மாடியில் மட்டும் 'உரக்கப் பேசவும்'. இந்தப் பிரிவுக்கு வருகிறவர்கள் முணுமுணுத்ததால் பிழைகள் நேர்ந்தனவாம்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு எழுத்தர் அம்மா முத்திரை குத்திக்கொண்டிருந்தார். குழாய்க்காரர் ஓட்டையருகே குனிந்தார்.

"வெட்கம் பத்தி ஒரு புத்தகம் வேணும்மா."

"கேக்கல."

"வெட்கம்..."

அந்த அம்மா பேனாவால் பலகையைக் காட்டினார். குழாய்க்காரர் சத்தமாகச் சொன்னார். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் தாள்களைக் கீழே இறக்கினார்கள்.

"யாரோட வெட்கம்?"

"என் பொண்ணோடதும்மா."

"என்ன நடந்துச்சு?"

"அதையும் சத்தமாவா சொல்லணும்?"

"அதைத்தான் முக்கியமா சத்தமாச் சொல்லணும்."

அவர் சொல்லவில்லை. அதனால் படிவம் கொடுத்தார்கள். படிவம் வெ-7, மொத்தம் இருபத்து மூன்று கேள்விகள். வெட்கப்பட்டவரின் முழுப்பெயர். நிகழ்ந்த இடம், நேரம். அப்போது உடனிருந்தோர் எண்ணிக்கை. வெட்கத்தின் தன்மை: உடல், உள்ளம், இரண்டும் (பொருந்தாததை அடிக்கவும்). இதற்கு முன் வெட்கப்பட்டது உண்டா? ஆம் எனில் ஆதாரம் இணைக்கவும். வெட்கப்படுவதை எந்தத் தேதியில் நிறுத்த உத்தேசம்? கடைசியாக, நிகழ்வைப் பார்த்துச் சிரித்த இருவரின் சாட்சிக் கையெழுத்து.

குழாய்க்காரர் கடைசிக் கேள்வியை மூன்று முறை படித்தார்.

"இது என்னம்மா, சிரிச்சவங்க கையெழுத்து?"

"யாரும் சிரிக்கலைன்னா அது வெட்கம்னு எப்படி நம்பறது? சும்மா பொழுதுபோக்குக்குப் படிக்க வர்றவங்களும் இருக்காங்க இல்ல?"

"இதுவரைக்கும் யாராவது வந்திருக்காங்களா?"

"வரலை. வந்துட்டா என்ன பண்றதுன்னுதான்."

சிரித்தவர்களைத் தேடுவது அடைப்பு எடுப்பதைவிடக் கஷ்டம் என்பது அதன்பிறகுதான் தெரிந்தது. ஒன்பது நாள் அலைந்தார். நாற்பதாயிரம் பேருக்கு மேல் பார்த்த காட்சி. சிரித்த ஆள் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. முடிதிருத்தும் கடைக்காரர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "நானா? சிரிக்கிறதாவது? எனக்கு அழுகைதான் வந்துச்சுண்ணே." அண்டை வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார்: "என்னை என்ன மனுஷன்னு நினைச்சீங்க?" பேருந்து நிறுத்தத்தில் அந்தக் காட்சியை நண்பர்களுக்குப் போட்டுக்காட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த ஒருவரை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். அந்த ஆள், "அது வேற வீடியோங்க" என்றார்.

"யாராவது சிரிச்சேன்னு எழுதிக் குடுங்கய்யா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். சிரிக்காட்டியும் பரவாயில்ல, சிரிச்சதா எழுதுங்க" என்று தேநீர்க் கடை முன்னால் நின்று அவர் கும்பிட்டபோது, கடையிலிருந்த எல்லோரும் மிகவும் வருத்தப்பட்டார்கள். கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை.

கடைசியில் நகல் எடுக்கும் கடைக்காரர் ஒருவர், "சிரிச்சேன்தான், அதுக்கென்ன இப்ப? எங்க போடணும்?" என்று பேனாவை வாங்கி, படிவத்தின் மேலேயே மறுபடி ஒரு தரம் சிரித்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். குழாய்க்காரர் அவருக்கு நன்றி சொன்னார்.

இரண்டாவது கையெழுத்து வீடு தேடி வந்தது. அன்று சாயங்காலம் மனைவியின் தம்பி வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"மாமா, அந்தப் படிவத்தைக் குடுங்க."

"நீ எதுக்குடா?"

"நான் சிரிச்சேன்." குரல் கரகரத்தது. "யாரோ அனுப்பினாங்க. சின்னத் திரையில முகம் தெரியல. நல்லாச் சிரிச்சிட்டேன். ரெண்டு பேருக்கு அனுப்பியும் விட்டேன். அப்புறம்தான் நம்ம பாப்பான்னு..."

சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். கதவோரம் உட்கார்ந்திருந்த அக்கா தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்து வெட்க மதிப்பீட்டுக் குழு கூடியது. நூலக இயக்குநர் தலைவர். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், உளவியல் பேராசிரியை ஒருவர், அந்தக் கூட்ட அறையைக் கட்டிய பொறியாளர் ஒருவர். மற்ற மூன்று பேர் எதற்காக இருந்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. நீளமான மேசையின் கடைக்கோடியில், கைப்பிடி இல்லாத நாற்காலியில் குழாய்க்காரர் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இயக்குநர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"பாருங்க, இந்தப் பிரிவை நான்தான் ஆரம்பிச்சேன். ஏன் ஆரம்பிச்சேன்? ஜனங்க வெட்கத்தை மனசுக்குள்ளயே பூட்டி வச்சிக்கிறாங்க. அது தப்பு. வெளிய கொண்டு வரணும். நாலு பேர் பாக்கற மாதிரிக் கொண்டு வரணும். அதுதான் நம்ம கொள்கை. பதினோரு வருஷமா ஒருத்தர்கூடப் புத்தகம் எடுக்கல. அதுக்கு என்ன அர்த்தம்? இந்த ஊர்ல வெட்கப்படற ஆளே இல்லைன்னு அர்த்தம். வருஷா வருஷம் அப்படித்தான் அறிக்கை அனுப்பறேன். மேலிடத்துல ரொம்பச் சந்தோஷம். நாலாவது வருஷம் ஒருத்தர் வந்தாரு. பதினொண்ணாவது கேள்வி வரைக்கும் எழுதினாரு. அப்புறம் பேனாவைக்கூட எடுக்காம எழுந்து ஓடிட்டாரு. அந்தப் பேனாவை நான் இன்னும் பத்திரமா வச்சிருக்கேன். இப்ப நீங்க வந்திருக்கீங்க. எங்க புள்ளிவிவரமே கெட்டுப் போகுது. பரவாயில்லை. நாங்க யாரையும் திருப்பி அனுப்பறதில்லை. அவங்களாவே போயிடுவாங்க."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். குழாய்க்காரரும் தட்ட வேண்டுமோ என்று நினைத்து ஒரு முறை தட்டினார்.

"சரி, ஆதாரத்தைப் பாத்துடுவோம்" என்றார் நீதிபதி.

"ஆதாரம் நான் கொண்டு வரலீங்க" என்றார் குழாய்க்காரர். அவர் அந்தக் காட்சியை இதுவரை பார்த்ததில்லை. பார்ப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்திருந்தார்.

"அதுக்கென்ன, எங்கிட்ட இருக்கு" என்றார் இயக்குநர். "எங்க குடும்பக் குழுவுல வந்துச்சு."

திரைச்சீலையை இழுத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். சுவர் முழுக்கப் பெரிதாக அவருடைய மகள் வந்து நின்றாள்.

பதினான்கு விநாடி ஓடி முடிந்தது. இருட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதியின் தோள் குலுங்கியது.

"எனக்கு முகபாவம் சரியாப் பிடிபடல" என்றார் பேராசிரியை. "இன்னொரு தடவை ஓடவிடுங்க."

இரண்டாவது முறை ஓடியது. நீதிபதி இப்போது வாய்விட்டே சிரித்து, அதைப் பாதியில் இருமலாக மாற்றினார். மூன்றாவது முறை பொறியாளருக்காக ஓட்டினார்கள். மேடைத் தளத்துக்குத் தண்ணீர் வடிய வாட்டம் சரியாகக் கொடுக்கவில்லை, அதனால்தான் தேங்கி நிற்கிறது என்று அவர் குறிப்பு எழுதிக்கொண்டார்.

படம் ஓட்டிய கருவியின் விசை குழாய்க்காரரின் தோளுக்கு அருகிலேயே சுவரில் இருந்தது. கையை நீட்டினால் எட்டும் தூரம். அவர் கையை முழங்காலில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு முறையாவது எழுந்திரு என்று உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. எழுந்திருக்கவில்லை.

வெளிச்சம் வந்ததும் விவாதம் நடந்தது.

"இது அவமானமா, விபத்தா? விபத்துன்னா நம்ம வரம்புக்குள்ள வராது" என்றார் நீதிபதி.

"அவமானம்தான். நீங்க சிரிச்சீங்களே" என்றார் இயக்குநர்.

"எத்தனை பேர் பாத்திருக்காங்க?"

"நாப்பத்தி மூணாயிரம்."

"அப்ப இரண்டாம் தரம்தான். லட்சம் தாண்டினாத்தான் முதல் தரம், ரெண்டு புத்தகம். இரண்டாம் தரத்துக்கு ஒண்ணு." இயக்குநர் குழாய்க்காரர் பக்கம் திரும்பி ஆறுதலாகச் சொன்னார்: "மனசைத் தளர விடாதீங்க. இன்னும் பரவினா மேல்முறையீடு பண்ணலாம்."

குழாய்க்காரர் தலையாட்டினார். புத்தகம் கிடைத்தால் போதும் என்று எழுத்தர் அம்மாவிடம் வந்தார். அந்த அம்மா ஒரு தாளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். மேலே மகளின் புகைப்படம் ஒட்டியிருந்தது. பயிற்சிக்குச் சேர்ந்த அன்று எடுத்த படம், சிரித்த முகம்.

"இது எதுக்கும்மா?"

"பொது அறிவிப்பு. நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கீழ வாசல் பலகையில ஒட்டணும். பதினஞ்சு நாள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுக்கலாம்."

"என்ன ஆட்சேபணை?"

"இது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லைன்னு யாராவது எழுதினா விண்ணப்பம் தள்ளுபடி. யாரும் எழுதலைன்னா பதினாறாவது நாள் புத்தகம்."

வாசல் பலகைக்கு நேர் எதிரே பேருந்து நிறுத்தம்.

"எனக்குப் புத்தகமே வேணாம்மா. வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். நான் வரவே இல்லைன்னு வச்சுக்குங்க."

"தரம் குடுத்த பிறகு வாபஸ் கிடையாது."

சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. மனைவி.

"ரெண்டு நாளா தட்டைத் தொடவே இல்லைங்க. இன்னைக்குக் கதவைத் தட்டினா நகர்ற சத்தம்கூடக் கேக்கல. எனக்குப் பயமா இருக்கு. புத்தகம் கிடைச்சுதா?"

"கிடைச்சிடும். வந்துட்டே இருக்கேன்" என்றார். கைபேசியை வைத்துவிட்டு அந்தக் கண்ணாடித் தடுப்பின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். சத்தமில்லாமல் அழுதார். பின்னால் செய்தித்தாள்கள் சரசரத்தன.

எழுத்தர் அம்மா முத்திரை குத்துவதை நிறுத்தவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை. ஆனால் இரண்டு முத்திரைகளுக்கு நடுவே, அந்த அம்மா இதுவரை பேசாத மெல்லிய குரலில் சொன்னார்:

"பதினேழாவது விதி. ஒரு வீட்டுக்கு ஒரு நேரத்துல ஒரு விண்ணப்பம்தான். புதுசு ஒண்ணு வந்தா பழசு ரத்து."

ஓட்டை வழியாக ஒரு புதுப் படிவம் நகர்ந்து வந்தது.

குழாய்க்காரர் அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். புதிதாக எந்த வெட்கத்தை எழுதுவது? நெடுநேரம் யோசித்தார். பிறகு யோசிக்க எதுவுமே இல்லை என்று தெரிந்தது. பேனா பிடித்துப் பழகாத கை. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார்.

வெட்கப்பட்டவர் என்ற இடத்தில் தன் பெயர். நிகழ்ந்த இடம்: இந்த நூலகத்தின் மூன்றாம் மாடிக் கூட்ட அறை. நேரம்: இன்று காலை பதினொன்றே கால். உடனிருந்தோர்: இயக்குநர் ஐயா உட்பட ஏழு பேர். விவரம்: 'என் மகளின் படத்தைச் சுவரில் மூன்று தடவை ஓட்டினார்கள். விசை பக்கத்தில் இருந்தது. நான் எழுந்து நிறுத்தவில்லை.' வெட்கப்படுவதை எந்தத் தேதியில் நிறுத்த உத்தேசம் என்ற கேள்விக்கு, 'தெரியாது' என்று எழுதினார்.

எழுத்தர் அம்மா அதில் வரிசை எண் போட்டுக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்துக்கு இந்த முறை அலைய வேண்டியிருக்கவில்லை. இயக்குநர் அறையில் நீதிபதி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க ரெண்டு தடவை சிரிச்சீங்க. இங்க ஒரு கையெழுத்து போடணும்" என்றார் குழாய்க்காரர். அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே கையெழுத்துத்தான் கேட்டார்.

"நானா? நான் இருமினேன்யா."

"அப்ப இருமினேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கய்யா. வாசல்ல பாக்கறவங்க முடிவு பண்ணிக்கட்டும்."

இயக்குநர் படிவத்தைப் பிடுங்கிப் படித்தார். பாதியிலேயே முகம் வெளிறிவிட்டது. எழுத்தர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"இதைத் தள்ளுபடி பண்ணு."

"முடியாதுங்க ஐயா. வரிசை எண் போட்டாச்சு. கையெழுத்து போட மறுத்தா, மறுத்தவங்க பேரையும் சேத்து ஒட்டணும். நீங்க எழுதின விதிதான்." அந்த அம்மா பலகையில் சொல்லியிருந்தபடி உரக்கப் பேசினார். "சாட்சிகளோட படம் வேணும்ங்க ஐயா. ஏழு பேரோடதும். நாளைக்குப் பத்து மணிக்கு ஒட்டணும்."

வெளியே செய்தித்தாள்கள் மறுபடி இறங்கின.

நீதிபதி தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, வேறு வேலை ஞாபகம் வந்தது என்று போய்விட்டார். இயக்குநர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"இதப் பாருங்க, எதுக்கு இதெல்லாம்? வெளிய தெரிஞ்சா எனக்கு எவ்வளவு அசிங்கம்? எனக்கும் பொண்ணு இருக்கா. காலேஜுக்குப் போறா. நாளைக்கு அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நாலு பேர் என்ன நினைப்பாங்க? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, ஒரு மனுஷனை இப்படியா வாசல்ல நிறுத்தறது?"

குழாய்க்காரர், "எனக்குப் புத்தகம்தான் வேணுங்க" என்றார்.

இயக்குநரே சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அலமாரிப் பூட்டு திறக்கவில்லை. பதினோரு வருடத் துரு. குழாய்க்காரர் கருவிப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து நாலு சொட்டு விட்டார். கையில் அகப்பட்ட முதல் புத்தகத்தை இயக்குநர் உருவினார்: 'தன்வாழ்விலும் பொதுவாழ்விலும் வெட்கம்: ஓர் ஆய்வு'. அதைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

"கையெழுத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். பின்பக்கப் படிக்கட்டு வழியாப் போங்க. நீங்க இங்க வரவே இல்லை. அந்தப் படிவம் ரெண்டையும் எங்கிட்டக் குடுத்துடுங்க."

இரண்டு படிவங்களும், தட்டச்சு செய்த அறிவிப்பும், ஒட்டியிருந்த புகைப்படத்தைக் குழாய்க்காரர் நகத்தால் கிளப்பி எடுத்துக்கொண்ட பிறகு, கிழிக்கும் இயந்திரத்துக்குள் போயின. அவ்வருட அறிக்கையிலும், ஊரில் வெட்கப்படுவோர் எவரும் இல்லை என்றே பதிவாகியது. ஒன்பதாவது கேடயமும் வந்தது.

குழாய்க்காரர் வீடு வந்து சேரும்போது சாயங்காலம் ஆறு மணி. மனைவி எழுந்து வழிவிட்டாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கதவுக்கு அடியில் புத்தகத்தைத் தள்ளிப் பார்த்தார். ஆய்வு நூல், நானூற்றுச் சொச்சம் பக்கம். இடுக்கில் நுழையவில்லை.

"படிச்சுக் காட்டுங்க" என்றாள் மனைவி.

"நானா?"

"வேற யாரு?"

கதவருகே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.

"வெட்கமெனும் உணர்வு... பிறரது நோக்கில்... தண்ணி லைனின்... தண்ணி லைனின் சிதைவாக..." நிறுத்தினார். தண்ணி லைன் எப்படி இதற்குள் வந்தது என்று புரியவில்லை. மறுபடி விரல் வைத்துப் படித்தார். "தண்ணி லைனின் சிதைவாக வெளிப்படுகிறது."

அறைக்குள் ஏதோ அசைந்தது. மனைவி அவருடைய தோளைப் பிடித்தாள்.

"தண்ணி லைன் இல்லப்பா." குரல் துருப்பிடித்த மாதிரி இருந்தது. "தன்னிலை."

குழாய்க்காரருக்குப் பேசாமலிருந்தால் அவளும் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"அப்படின்னா என்னம்மா?"

"நான்-னு அர்த்தம்."

"அதை நான்-னே எழுதியிருக்கலாமே."

அவர் அடுத்த வரிக்குப் போக விரலை நகர்த்தியபோது உள்ளிருந்து கேள்வி வந்தது.

"நீங்க பாத்தீங்களாப்பா? அதை?"

மனைவி வேண்டாம் என்று தலையசைத்தாள். இல்லை என்று சொல்லிவிடலாம் என்று அவருக்கும் ஒரு நொடி தோன்றியது.

"பாத்தேம்மா. இன்னைக்குத்தான். மூணு தடவை."

புத்தகத்தை மூடித் தரையில் வைத்தார்.

"உனக்குப் பின்னால நாற்காலியில பதினோரு பேர் இருந்தாங்க" என்றார். "எண்ணினேன். விருந்தாளியா வந்த அந்தப் பெரிய மனுஷன் ஷூ நனைஞ்சிடும்னு காலைத் தூக்கிக்கிட்டான். இன்னொருத்தன் மைக்கை எடுத்து அந்தாண்ட வச்சான். அவங்க தோள்ல துண்டு கிடந்துச்சு, மேசை மேல ஒரு துணி கிடந்துச்சு. ஒருத்தன் எழுந்து உன்மேல போத்தல. ஒருத்தன்கூட எழுந்திருக்கலம்மா."

மீதியைச் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"நானும் எழுந்திருக்கல. எங்க பாத்தேன் தெரியுமா? ஒரு ஆபீஸ்ல, ஏழு பேரோட உக்காந்து பாத்தேன். சிரிச்சாங்க. அதை நிறுத்தற விசை என் பக்கத்துலதான் இருந்துச்சு. எழுந்து அணைச்சிருக்கணும். அணைக்கல. உன்னை அப்படியே விட்டுட்டு உக்காந்திருந்தேன்."

மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"ஏம்ப்பா?"

"தெரியலம்மா. கால் வரல."

துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு கதவுப் பலகை லேசாக இந்தப் பக்கம் அழுந்தி நின்றது. அவள் அந்தப் பக்கம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது இருவருக்கும் புரிந்தது.

"எனக்கும் அப்படித்தான்ப்பா" என்றாள் மகள். "ஓடிடணும்னுதான் நினைச்சேன். கால் வரல."